உள்ளாளா, வெளியாளா

செருப்புக் கடைக்கு மேலே, முதல் மாடியில், இரண்டே அறைகள். முன்னறையில் நான்கு நாற்காலிகளும் பழைய வாரப் பத்திரிகைகளும். உள்ளறையில் எதிரெதிராக இரண்டு சாய்வு நாற்காலிகள், ஒரு மேசை, ஒரு கணினி. பதினான்கு வருடமாக அவள் அங்கே மனநல ஆலோசகராக இருந்தாள். வருகிறவர்கள் மனசில் கிடப்பதைச் சொல்வார்கள். அவள் கேட்பாள். அவர்கள் படியிறங்கிப் போனதும், கேட்டதைக் கணினியில் தட்டி வைப்பாள். அடுத்த வாரம் வரும்போது, "மாமியாரோட கண் ஆபரேஷன் முடிஞ்சுதா?" என்று கேட்க வேண்டுமே. மேடத்துக்கு என்ன ஞாபகசக்தி என்று எல்லாரும் வியந்தது அந்தக் கணினியைத்தான்.

கணினியைப் பார்த்துக்கொண்டது அவளுடைய தம்பி. வீட்டில் அவனுக்கு நட்டு என்று பெயர். சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்துத் திரும்பப் பூட்டியபோது ஒரு நட்டு மிச்சமாகிவிட்டது; அன்றிலிருந்து அப்படித்தான். இப்போது நான்கு தெரு தள்ளி பிரிண்டர், கணினி ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். கையில் எந்நேரமும் கறுப்பு மை. ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து, அக்காவின் கணினிக்கு ஏதாவது என்றால் பார்த்துவிட்டு, அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போவான். காசு கொடுத்தால் கோபம் வரும்.

ஒரு திங்கட்கிழமை காலை கணினியைத் திறந்தபோது திரை முழுக்கச் சிவப்பு. உங்கள் கோப்புகள் எங்கள் வசம், பணம் அனுப்பாவிட்டால் வெளியிடுவோம் என்று எழுதியிருந்தது. ஏதோ விளம்பரம் என்று நினைத்து அவள் அதை மூடப் பார்த்தாள். மூடவில்லை. மத்தியானம் நட்டு வந்து பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவன் அப்படி உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

மூன்றாம் நாள், திருடர்கள் சொன்னதைச் செய்துவிட்டதாக ஒரு மின்னஞ்சல் வந்தது. கூடவே ஒரு இணைய முகவரி. அவள் அதைத் திறக்கவில்லை. "நிஜமாவே நம்ம கோப்புதானான்னு நீயே பாரு. எனக்குப் பாக்கத் தைரியமில்ல" என்று தம்பியிடம் சொன்னாள். அவன் கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு ஃபோன் செய்தான்.

"நம்மளோடதுதான்க்கா."

அதற்கு மேல் அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

போலீசில் எழுதிக் கொடுத்தாள். தன்னிடம் வந்துகொண்டிருந்த நாற்பத்திரண்டு பேருக்கும் கைப்பட மன்னிப்புக் கடிதம் எழுதினாள். சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள். பலர் ஃபோன் செய்து ஆறுதல் சொன்னார்கள். எதற்கெடுத்தாலும் பதறுகிறேன் என்று இரண்டு வருடமாக வந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி, அன்று அரை மணி நேரம் அவளுக்கு மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுத்தாள். ஒன்பதாவது நாள் போலீஸ் அந்த முகவரியையே முடக்கிவிட்டதாகத் தகவல் வந்தது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று நினைத்தாள்.

இரண்டு மாதம் கழித்துப் பேக்கரிக்காரர் வழக்குப் போட்டார்.

அவர் புதன்கிழமை நாலு மணிக்காரர். ஐம்பது வயது இருக்கும். மாவு படிந்த செருப்பு, சுத்தமான சட்டை. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காய்ச்சலில் அவருக்கு நாக்கில் ருசியும் மூக்கில் வாசனையும் போய்விட்டன. திரும்பி வரவேயில்லை. அதை யாரிடமும் சொல்லவில்லை, கூடவே கல்லாவில் நிற்கும் மனைவியிடம்கூட. எல்லாவற்றையும் தராசில் நிறுத்து, பழைய நினைவில் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். இரண்டு ஹோட்டல்களுக்குத் தினமும் அவர்தான் பன் அனுப்பினார். "பாட்டு வாத்தியாருக்குக் காது போன மாதிரி மேடம்" என்று முதல் நாள் சொன்னார். அந்த ரகசியமும் திருட்டுப்போன கோப்புகளில் இருந்தது.

வழக்கு நோட்டீஸை எடுத்துக்கொண்டு வக்கீலிடம் போனாள். அவர் மூத்தவர், நிதானமானவர். முதலில் கேட்ட கேள்வி, "இன்சூரன்ஸ் இருக்கா?"

இருந்தது. அறைக்கு, மேசை நாற்காலிக்கு, யாராவது படியில் வழுக்கி விழுந்தால் அதற்கு என்று வருடா வருடம் கட்டிவந்த பாலிசி. அதன் பதினேழாம் பக்கத்தில், பொடி எழுத்தில், ஒரு வரி இருந்தது. பிறருடைய அந்தரங்கத்தைப் பிரசுரம் செய்ததாகப் பாலிசிதாரர் மேல் வழக்கு வந்தால், வழக்குச் செலவையும் நஷ்டஈட்டையும் கம்பெனி ஏற்கும்.

"அப்ப கவலையில்ல" என்றார் வக்கீல்.

கம்பெனிக்கு எழுதினார்கள். பதில் வந்தது. பிரசுரம் என்றால் வெளியே வைத்தால் மட்டும் போதாது, இன்னொருவர் அதைப் படித்திருக்க வேண்டும்; படித்ததற்கு அத்தாட்சி இல்லை; ஆகவே இது பிரசுரம் அல்ல. பதிலோடு நிற்கவில்லை. இந்த வழக்குக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை என்று தீர்ப்பளிக்கும்படி கம்பெனி அவள் மேலேயே தனியாக இன்னொரு வழக்குப் போட்டது.

"நான் காசு கட்டின கம்பெனி என் மேலயே கேஸ் போடுமா?" என்று கேட்டாள்.

"போடும். அதுக்கு வேற வக்கீல் வச்சுக்கணும். நம்ம பில்டிங்லயே அஞ்சாவது மாடியில ஒரு அம்மா இருக்காங்க. பாலிசி கேஸ் மட்டும்தான் பாக்கறாங்க."

ஐந்தாவது மாடி அம்மா இளையவள். சக்கரம் வைத்த பெட்டியை இழுத்துக்கொண்டே நடப்பாள். பெட்டி நிறையப் பிற கோர்ட்டுகளின் தீர்ப்புகள். அவள் பேசுவதில் பாதி புரிந்தது.

"பாருங்க மேடம், போன மாசம் ஒரு கோர்ட்டு, யார் வேணா திறக்கற இடத்துல வச்சாலே பிரசுரம்னு சொல்லிடுச்சு. அதுக்கு முந்தின மாசம் இன்னொரு கோர்ட்டு, ஒருத்தராவது படிச்சிருந்தாதான் பிரசுரம்னு சொல்லியிருக்கு. ரெண்டுமே நல்ல கோர்ட்டு. நாம எதுக்கும் தயாரா இருக்கணும். யாராவது படிச்சிருந்தா நமக்கு வசதி."

"படிச்சிருந்தா வசதியா?"

"கம்பெனி கேஸ்ல."

அவள் லிஃப்டில் மூன்றாவது மாடிக்கு இறங்கினாள். அங்கே மூத்த வக்கீல் சொன்னார், "யாருமே படிக்கலேங்கறதுதான் நம்ம கட்சி. படிக்கலேன்னா அவருக்கு நஷ்டமே இல்ல. கேஸ் அங்கயே படுத்துரும்."

"மேல இருக்கறவங்க, யாராவது படிச்சிருந்தா நல்லதுன்னு சொல்றாங்களே."

"அவங்க சொல்றதும் சரிதான்."

"அப்ப நான் எதுக்கு வேண்டிக்கறது?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது பதில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தன்னிடம் வருகிறவர்கள் கஷ்டமான கேள்வி கேட்டால் அவளும் டிஷ்யூ பெட்டியைத்தான் நகர்த்தி வைப்பாள்.

அடுத்த வாரங்களில் அது அவளுக்குப் பழகிப்போயிற்று. மூன்றாவது மாடியில் யாரும் படிக்கவில்லை. ஐந்தாவது மாடியில் யாராவது படித்திருப்பார்கள். லிஃப்ட் நான்காவது மாடியைத் தாண்டும் நேரத்தில்தான் தன் மனசில் உண்மையாக என்ன இருக்கிறது என்று அவள் யோசித்தாள். பேக்கரிக்காரருக்காகப் பார்த்தால் யாரும் படித்திருக்கக் கூடாது. அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் கம்பெனி கைவிட்டுவிட்டால் அறையைக் காலிபண்ண வேண்டியதுதான். கதவு திறந்ததும் அந்த யோசனையை அங்கேயே விட்டுவிட்டு இறங்குவாள்.

பிறகு கணினி நிபுணரின் அறிக்கை வந்தது. கோர்ட்டு நியமித்த ஆள். முடக்கப்பட்ட முகவரியின் பதிவேட்டை போலீசிடமிருந்து வாங்கி அலசியிருந்தார். முப்பது பக்க அறிக்கையில் அவளுக்குப் புரிந்தது ஒரே வரி. நாற்பத்திரண்டு கோப்புகளில் நாற்பத்தொன்றை யாருமே திறக்கவில்லை. ஒன்றை மட்டும் ஒருவர், ஒரே ஒரு முறை, பதினோரு நிமிடம் திறந்து வைத்திருந்தார். அது பேக்கரிக்காரருடையது.

"ஒருத்தர்" என்றாள் பெட்டி வக்கீல், சந்தோஷமாக.

"ஒருத்தர்தானே" என்றார் மூத்த வக்கீல், அலட்சியமாக.

அவள் அன்று வீட்டுக்கு வந்து அந்தக் கோப்பைத் தானே படித்துப் பார்த்தாள். நிதானமாக, ஒரு வரி விடாமல். கடைசி வரிக்கு வந்தபோது கடிகாரத்தைப் பார்த்தாள். ஏறக்குறைய பதினோரு நிமிடம் ஆகியிருந்தது. யாரோ ஒருவர் அவசரமில்லாமல், அக்கறையாகப் படித்திருக்கிறார். திருடன் எதற்கு அப்படிப் படிக்க வேண்டும் என்று அவளுக்கு விளங்கவில்லை.

அந்த வாரம் புதன்கிழமை, நாலு மணிக்கு, முன்னறையில் ஆள் வந்த சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். பேக்கரிக்காரர் தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"என்ன இது, இங்க வந்திருக்கீங்க?"

"புதன்கிழமை மேடம். நாலு மணி."

"நீங்க என் மேல கேஸ் போட்டிருக்கீங்க."

"ஆமா மேடம். அதுவும் மனசுக்கு ஒரு மாதிரியா இருக்கு. அதைப் பத்திப் பேசலாம்னுதான் வந்தேன்."

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "உங்ககூடப் பேசக் கூடாதுன்னு என் வக்கீல் சொல்லியிருக்கார்."

"என் வக்கீலும் அதேதான் சொன்னார். ஆனா வேற யார்கிட்ட போறது? வீட்ல சொல்ல முடியாது. கேஸ் போட்டதே வீட்டுக்குத் தெரியாது. எனக்கு இருக்கறது நீங்க ஒருத்தர்தானே."

உள்ளறைக்கு அழைத்தால் அது ஆலோசனை. வெளியே போங்கள் என்று சொன்னால், இரண்டு வருடம் கேட்டதற்கு அர்த்தமில்லை. அவள் கொஞ்ச நேரம் நிலைப்படியிலேயே நின்றாள். பிறகு முன்னறையில், அவருக்கு இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். முன்னறையில் பேசினால் அது கணக்கில் வராது என்று தனக்குத் தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டாள்.

"கேஸ் உங்க மேல கோபத்துல போடல மேடம்" என்றார் அவர். "யாரோ அதைப் படிச்சிருக்காங்க. எனக்குத் தெரியும். கடைக்கு ஒருத்தர் வர்றார். முன்னாடியெல்லாம் வாங்கிட்டுப் பேசாம போயிருவார். இப்பல்லாம் ஒரு பன்னைப் பிச்சு வாயில போட்டுட்டு, என் மனைவி அந்தப் பக்கம் திரும்பினதும், 'அண்ணே, இன்னிக்கு உப்பு ஒரு இழை கூட'ன்னு காதோட சொல்றார். இன்னொரு நாள், 'இன்னிக்குச் சரியா இருக்கு'ங்கறார். கேக்காமயே சொல்றார். ருசி தெரியாதவன்னு தெரிஞ்சாதானே அப்படிச் சொல்லத் தோணும்?"

"கெட்ட எண்ணத்துல சொல்றாரா?"

"இல்ல. அதான் குழப்பமே. நல்லவராத்தான் தெரியறார். அவர் சொல்றதை வச்சு நானும் உப்பைக் கூட்டிக் குறைக்கறேன். ஆனா அவர் கடைக்குள்ள வந்தாலே எனக்குக் கை காலெல்லாம் சில்லுன்னு ஆயிடுது. அம்மணமா நிக்கற மாதிரி இருக்கு."

"யார் அவர்?"

"பேர் தெரியாது. ஸ்கூட்டர்ல வருவார். மூணு பன் வாங்குவார். விரலெல்லாம் கறுப்பா மை ஒட்டியிருக்கும்."

அவளுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் தம்பி சாப்பிட வரும்போது மேசைமேல் வைக்கும் காகிதப் பை நினைவுக்கு வந்தது. அதில் இரண்டு பன் இருக்கும். மூன்றாவதை வழியிலேயே தின்றுவிட்டேன் என்பான்.

பேக்கரிக்காரர் எழுந்தார். "அடுத்த வாரம் வரலாமா?"

"வராதீங்க" என்றாள். அவர் முகம் வாடியதும், "இப்போதைக்கு" என்று சேர்த்துக்கொண்டாள்.

அவர் போனதும் கதவைப் பூட்டிவிட்டு நான்கு தெருவையும் நடந்தே கடந்தாள். நட்டு ஒரு பிரிண்டரைக் குடலை உருவினாற்போல் மேசையில் பரப்பி வைத்திருந்தான். அக்காவைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

"அந்த பேக்கரிக்காரர் கோப்பைப் படிச்சியா?"

அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "நீதானே பாக்கச் சொன்னே."

"நம்மளோடதான்னு பாக்கச் சொன்னேன். படிக்கச் சொல்லல."

"திறந்தாத்தானே நம்மளோடதான்னு தெரியும். முதல்ல இருந்தது அது. திறந்தேன். நாலு வரியில நிறுத்தியிருக்கணும்க்கா. நிறுத்த முடியல. நான் தினம் பன் வாங்கற கடைக்காரர். அவருக்குள்ள இப்படி ஒண்ணு இருக்குன்னு..." அவன் மையைத் துணியில் துடைத்தான். அது போகவில்லை. "ஏதாவது செய்யணும்னு தோணுச்சு. அதான் உப்பு சொல்ல ஆரம்பிச்சேன்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ கேக்கலயே."

அவளுக்கு ஆத்திரம் வந்தது. தம்பி மேலா, தன் மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. பாரு என்று சொன்னது அவள். பார்த்தது அவன். பார்ப்பதற்கும் படிப்பதற்கும் நடுவே இருக்கிற கோட்டை அன்றைக்கு அவள் போட்டுக் காட்டவுமில்லை.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இதை அவள் தெரிந்துகொண்டது பேக்கரிக்காரர் வாயிலிருந்து. அவர் அவளிடம் சொன்னது ஆலோசகரிடம் சொன்ன ரகசியமா, எதிர்க்கட்சிக்காரரிடம் உளறியதா? நாற்காலியை மாற்றிப் போட்டால் ரகசியம் ரகசியம் இல்லாமல் போய்விடுமா? இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் யோசித்தாள். கடைசியில் தம்பியே அதைத் தீர்த்து வைத்தான். "நான் படிச்சதை நானே சொல்றேன். அதுக்கு யாரோட ரகசியமும் வேணாம்" என்று அவளோடு கிளம்பி வந்தான்.

மூத்த வக்கீல் கேட்டு முடித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "இது எனக்குத் தெரியாமலே இருந்திருக்கலாம். தெரிஞ்சுபோச்சு, இனி யாரும் படிக்கலேன்னு நான் கோர்ட்ல சொல்ல முடியாது." கொஞ்சம் யோசித்தார். "ஒண்ணு பண்ணலாம். தம்பி உங்க ஆளு. உங்க கணினியைப் பாத்துக்கறவர். ஆபீஸ் ஆளு ஆபீஸ் கோப்பைப் பாத்தா அது வெளிய போனதா ஆகாது. உள்ளாள்னு சொல்லிடலாம்."

ஐந்தாவது மாடியில் பெட்டி வக்கீல் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டே கேட்டாள். "இவருக்குச் சம்பளம் தர்றீங்களா?"

"இல்ல. வாங்க மாட்டான்."

"நல்லதாப் போச்சு. அப்ப இவர் வெளியாள். சம்பளம் இல்ல, நியமனக் கடிதம் இல்ல, சொந்தக் கடை வச்சிருக்கார். வெளியாள் படிச்சார், ஆகவே பிரசுரம். கம்பெனி தப்பிக்க முடியாது."

"கீழ உள்ளாள்னு சொன்னாங்களே."

"அது அந்தக் கேஸுக்கு."

லிஃப்டில் இறங்கும்போது நட்டு சுவரைப் பார்த்தபடி நின்றான். கீழ்த்தளம் வந்தும் வெளியே போகவில்லை.

"அக்கா, நான் உள்ளாளா, வெளியாளா?"

அவன் விளையாட்டாகக் கேட்கவில்லை. பதினான்கு வருடமாக ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டில் சாப்பிட்டவன். அவள் அவன் முழங்கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் விடவில்லை.

வாக்குமூலம் எடுக்கும் நாள் குறித்தார்கள். பேக்கரிக்காரரின் வக்கீல் அலுவலகத்தில், ஜன்னல் இல்லாத ஒரு நீள அறை. மேசையின் ஒரு பக்கம் பேக்கரிக்காரரும் அவருடைய வக்கீலும், மறுபக்கம் அவளும் மூத்த வக்கீலும். ஓரத்தில் கம்பெனி வக்கீல், பெட்டி வக்கீல், சொல்வதைத் தட்டச்சு செய்ய ஒரு பெண். நட்டு உள்ளே வந்ததும் பேக்கரிக்காரர் பாதி எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். மூத்த வக்கீல் அவனை அவளுடைய தம்பி என்று அறிமுகப்படுத்தியபோது பேக்கரிக்காரர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையைச் சந்திக்க முடியாமல் அவள் மேசையைப் பார்த்தாள்.

நட்டு ஒன்றும் ஒளிக்கவில்லை. எப்போது திறந்தான், எவ்வளவு நேரம் படித்தான், எத்தனை முறை உப்பைப் பற்றிச் சொன்னான் எல்லாவற்றையும் சொன்னான். "உதவி செய்யணும்னுதான்" என்று முடித்தான்.

எல்லா வக்கீல்களும் கேட்டு ஓய்ந்த பிறகு, பேக்கரிக்காரர் தன் வக்கீலின் காதில் ஏதோ சொன்னார். அவர், "நீங்களே கேளுங்க" என்றார்.

"தம்பி, எத்தனையோ தடவை உப்பு கூட, குறைச்சல்னு சொன்னீங்க. எல்லாம் நிஜமா?"

தட்டச்சுப் பெண்ணின் விரல்கள் காத்திருந்தன.

"ஒரு தடவை சொன்னது நிஜம் இல்ல" என்றான் நட்டு. "ஒரே ஒரு தடவை. பன் நல்லாத்தான் இருந்துச்சு. நான் கோப்புல படிச்சது நிஜம்தானா, உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதான்னு பாக்கறதுக்காக, உப்பே இல்லேன்னு சொன்னேன். மழை பேஞ்ச ஒரு வெள்ளிக்கிழமை."

"அந்த வெள்ளிக்கிழமையா?"

"ஆமா."

பேக்கரிக்காரர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "அன்னிக்குச் சாயங்காலம் முழு மாவுக்கும் ரெண்டு பங்கு உப்பு போட்டேன். நீங்க சொன்னீங்களேன்னு. மறுநாள் காலையில பெரிய ஹோட்டல்காரங்க எல்லாத் தட்டையும் திருப்பி அனுப்பிட்டாங்க. அதோட ஆர்டரும் போச்சு. எப்படி அவ்வளவு உப்பு விழுந்துச்சுன்னு என் மனைவி இன்னிக்கும் கேக்கறா. தராசு மேல பழி போட்டேன். புதுத் தராசு வாங்கினேன்."

தட்டச்சு ஓசை மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. நட்டு தன் கறுத்த விரல்களை மடியில் மறைத்துக்கொண்டு, "எனக்கு இது தெரியாதுண்ணே" என்றான். அவன் குரல் உடைந்ததை அவள் அவர்களுடைய அப்பா இறந்த அன்றைக்கு அப்புறம் இப்போதுதான் கேட்டாள்.

நஷ்டமே இல்லை என்ற கட்சி அந்த அறையிலேயே செத்துப்போயிற்று. மூத்த வக்கீல் வெளியே வந்து, "இனி பேசி முடிக்கறதுதான் வழி" என்றார். பெட்டி வக்கீலோ நடைபாதையில் அவளை ஓரமாகக் கூப்பிட்டு, "நமக்கு நல்லா வந்திருக்கு மேடம்" என்றாள். அவள் அந்தப் பெண்ணைக் கோபமாகப் பார்த்துவிட்டுப் பிறகு தலையசைத்தாள். அந்தப் பெண் தன் வேலையைத்தானே செய்கிறாள்.

பேக்கரிக்காரரின் வக்கீல் மனுவைத் திருத்தி எழுதினார். தெரிந்த ஒரு மனிதர் படித்தார், அதனால் ஒரு பெரிய ஆர்டர் போயிற்று என்று அதில் இரண்டு பத்தி கூடியது. அவளைக் குற்றம் சொல்கிற அந்த இரண்டு பத்திகள்தான் கடைசியில் அவளைக் காப்பாற்றின. கம்பெனி போட்ட வழக்கில் நீதிபதி சொன்னது இவ்வளவுதான் என்று பெட்டி வக்கீல் விளக்கினாள்.

"படிச்சது நிஜமா பொய்யா, உள்ளாளா வெளியாளா, அதெல்லாம் அப்புறம். ஒருத்தர் படிச்சார்னு மனுவுல எழுதியிருக்கு இல்லையா? எழுதியிருந்தாலே கம்பெனி உங்களுக்காக வக்கீல் வைக்கணும். எழுதினதைப் பாத்துத்தான் கடமை. நடந்ததைப் பாத்து இல்ல."

"அப்ப நாம ஜெயிச்சோமா?"

"இந்தக் கட்டத்துல."

"பேக்கரிக்காரர்?"

"அவரும் ஒரு விதத்துல ஜெயிச்ச மாதிரிதான்."

"கம்பெனி?"

"அவங்களும் அப்படித்தான் சொல்லிக்குவாங்க. பிரசுரம்னா என்னன்னு நீதிபதி சொல்லவே இல்லையே. அந்தக் கேள்வி அப்படியே இருக்கு. மேல போவாங்க."

ஆனால் கம்பெனி மேலே போகவில்லை. எந்தப் பொறுப்பையும் ஒப்புக்கொள்ளாமல், இது முன்னுதாரணம் ஆகாது என்று எழுதி வாங்கிக்கொண்டு, பேக்கரிக்காரர் கேட்டதில் முக்கால் பங்கைக் கொடுத்து முடித்துக்கொண்டது. கையெழுத்துப் போடும் நாளில்தான் அவர் தன் மனைவியை முதன்முறையாக அழைத்துவந்தார். அதற்கு முந்தின நாள்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். அந்த அம்மா ஆலோசகரை மேலும் கீழும் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமா உங்ககிட்ட சொன்னாராம்" என்றாள். "நான் பக்கத்துலயே நின்னேன். எங்கிட்ட சொல்லல. அந்த மெஷினுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல."

இனி ருசி பார்ப்பது தான்தான் என்றும், தனக்கு உப்பு கம்மியாகத்தான் பிடிக்கும், பிடிக்காதவர்கள் வேறு கடையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றும் அந்த அம்மா சொன்னாள். பேக்கரிக்காரர் லேசாகச் சிரித்தார். அவர் சிரித்து அவள் அதிகம் பார்த்ததில்லை.

நட்டு அதற்குப் பிறகு அந்தக் கடைப் பக்கம் போகவில்லை. ஒரு நாள் போய் ஹோட்டல்காரர்களைப் பார்த்து, தவறு தன்னுடையது என்று சொல்ல முயன்றான். அவர்கள் இவன் யார் என்றே புரியாமல் அனுப்பிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வருவதை மட்டும் அவன் நிறுத்தவில்லை. கணினியைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. அவள் ஒரு கணினிக் கம்பெனியிடம், எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, அந்த வேலையைக் கொடுத்துவிட்டாள். அவனுக்கு அது வருத்தமா நிம்மதியா என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இத்தனைக்கும் பிறர் மனசைப் படிப்பதுதான் அவள் தொழில்.

ஆறு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. ஊரின் மறுகோடியில் இருக்கும் இன்னொரு ஆலோசகர் எழுதியிருந்தார். பேக்கரிக்காரரும் மனைவியும் இப்போது சேர்ந்து அவரிடம் வருகிறார்கள். பழைய கோப்பு தேவைப்படுகிறது. பேக்கரிக்காரரின் சம்மதக் கையெழுத்து இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

மின்னஞ்சலில் அனுப்பலாம் என்று எழுதியிருந்தது. அவள் அதைச் செய்யவில்லை. அச்செடுத்து, உறையிலிட்டு, ஓரங்களை ஒட்டி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனாள். உட்கார இடம் கிடைத்தும் பையை மடியை விட்டு இறக்கவில்லை.

அந்த ஆலோசகர் சின்னப் பெண். உறையை வாங்கிப் பிரிக்காமல் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பிறகு ஒரு படிவத்தை எடுத்தாள்.

"ஒரு சின்ன விவரம் மேடம். புது விதி. இந்தக் கோப்புக்கு வேற பிரதி எங்கயாவது இருக்கா?"

அவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தாள். பிறகு யோசித்தாள். தன் கணினியிலேயே ஒன்று. மூத்த வக்கீலிடம் ஒன்று. பெட்டி வக்கீலிடம் ஒன்று. பேக்கரிக்காரரின் வக்கீலிடம், கம்பெனி வக்கீலிடம், கம்பெனியின் தலைமை அலுவலகத்தில். கணினி நிபுணரிடம். இரண்டு நீதிபதிகளிடம், இரண்டு கோர்ட்டுக் குமாஸ்தாக்களின் பீரோக்களில். வாக்குமூலத்தை அடித்த தட்டச்சுப் பெண்ணின் பெட்டியில். போலீசில். அப்புறம் அந்தத் திருடர்களிடம், அவர்கள் அழித்திருந்தால் இல்லை, அழிக்காமலிருந்தால் இருக்கிறது.

"ஆமாவா, இல்லையான்னு மட்டும் சொன்னா போதும்" என்றாள் அந்தப் பெண்.

"நீங்க எதை எதிர்பாக்கறீங்க?" என்று கேட்டுவிட்டு, தான் கேட்டதை நினைத்து அவளே வெட்கப்பட்டாள். "இருக்கு. எத்தனைன்னு தெரியாது."

அந்தப் படிவத்தில் அப்படி எழுத இடமில்லை. சின்னப் பெண் கட்டத்தைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், பேனாவைத் திருகினாள். கடைசியில் கட்டத்துக்கு வெளியே, ஓரத்தில், பொடி எழுத்தில் அதை அப்படியே எழுதி, கையெழுத்துப் போடச் சொல்லிப் படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினாள்.

அவள் முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.